மச்சான் கழுத்தில் கிடந்த சாவி

கடலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டேன் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர்ந்திருக்கிற இந்த அவையின் தலைவர் அண்ணாச்சி தாணுலிங்கம் அவர்களே, தீர்த்தம் தெளித்து இந்தப் புது வள்ளத்துக்கு ஆசி தந்த அருட்தந்தை அவர்களே, ஆழம் கண்டு மீண்ட அண்ணன்மார்களே, அலை பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன தாய்மார்களே, கப்பல் இன்ஜினியரிங் படிக்கிற தம்பிமார்களே, தங்கைமார்களே, ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு காலை சைக்கிள் பெடலிலேயே வைத்திருக்கிற மீன் வியாபாரிகளே, உங்கள் எல்லாருக்கும் இந்தத் தூத்துக்குடிக் கரையின் உப்புக் காற்றை அள்ளி ஒரு வணக்கமாக வைக்கிறேன்.

பள்ளிக்கூடத்து வாசலை நான் பார்த்ததே தேர்தல் நாளில் வரிசையில் நிற்கும்போதுதான். என்னைப் பேசச் சொன்னது தலைவரின் பெருந்தன்மை. எனக்குச் சுற்றித்தான் வரத் தெரியும். காற்று இருக்கிற பக்கம் பாய் திரும்பும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் தலைவர் இந்த வள்ளத்துக்குள் ஏறி, ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். கம்ப்ரசர் புதுசு. காற்றுக் குழாய் புதுசு. முக்குளிப்பவர் அடியில் இருக்கிறார் என்று மற்றக் கப்பல்களுக்குச் சொல்லும் கொடியும் புதுசு. எல்லாம் பார்த்துவிட்டு ஆசாரியைக் கூப்பிட்டு, "ஏலே, சாவி மாட்ட ஒரு ஆணி அடிக்க மறந்திட்டியே" என்று கடிந்துகொண்டார். ஆசாரி தலையைச் சொறிந்தான். அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான்.

யார் சொன்னது? ஏன் சொன்னது? இத்தனை பெரிய வள்ளத்தில் ஓர் ஆணிக்கா இடமில்லை? அந்த ஆணி ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

சபையோரே, நான் கடற்கரையில் பிறந்தவன் அல்ல. சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மண் தேரியில் பிறந்தவன். என் தகப்பனார் பனையேறி. பனையேறிக்குக் காலில் ஒரு தளைநார், இடுப்பில் ஒரு பாளை அரிவாள். மேலே ஏறினால் அவனும் ஆகாயமும்தான். கீழே அவனுக்காகக் கயிறு பிடிக்க ஓர் ஆள் கிடையாது. நெஞ்சில் காய்ப்பு விழுந்து விழுந்து, மனுசன் தனியாகவே ஏறி, தனியாகவே இறங்கி, தனியாகவே ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அதனால்தான், பிழைப்புக்காக நான் முதன்முதலில் ஒரு சங்கு குளிக்கும் வள்ளத்தில் ஏறிய அன்று, ஒரு காட்சியைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

கடலுக்குள் ஒருவன் முங்குகிறான். மேலே ஒருவன் கயிறு பிடிக்கிறான். அந்தக் கயிறு பிடிக்கிறவன் யார்? தம்பியா? சேக்காளியா? சம்பளக்காரனா? இல்லை. மச்சான். முங்குகிறவனின் மனைவிக்கு உடன்பிறந்தவன். முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் அதுதான் முறை. ஏன் மச்சான் என்று கேட்டேன். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, தம்பிக்குப் பங்காளிச் சண்டை இருக்கும், சேக்காளிக்குத் தூக்கம் வரும், ஆனால் தன் கூடப்பிறந்தவள் தாலியைத் தானே கைநழுவ விடுகிறவன் எவனும் இல்லை என்றார்.

அந்தத் தாய்மார்கள் தலையசைப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரியாததா?

இப்போது முத்து இல்லை. சங்கும் குறைந்துபோனது. முங்கத் தெரிந்தவன் என்ன செய்வான்? கப்பலுக்கு அடியில் போனான். வெளித்துறையில் நங்கூரம் போட்டுக் கிடக்கிற கப்பல்கள் எல்லாம் வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். அடிவயிற்றில் பாசியும் கொட்டலசும் மண்டிக் கிடக்கும். கொட்டலசு தெரியாத வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், அது கல்லில் ஒட்டும் சின்னச் சிப்பி, காலைக் கிழிக்கும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் எங்கள் வள்ளத்தின் வேலை. நான் அந்த வள்ளத்தில் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். அடியில் இருக்கிறவருக்கு மூச்சுக்காற்று அனுப்புகிறவன்.

இதைச் சுரண்டி என்ன ஆகப் போகிறது என்று ஒருநாள் நான் கேட்டேன். கேட்டது யாரிடம்? இதோ மேடையில் என் இடப்பக்கம் அமர்ந்திருக்கிற எங்கள் சாத்தான்குளத்துப் பிள்ளை, கப்பல் இன்ஜினியர் சண்முகப்ரியாவிடம். அப்போது அவள் ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் இருந்தாள். எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே ஏணிப்படியில் நின்று பதில் சொன்னாள்.

"அண்ணாச்சி, நனைஞ்ச சேலையோட தேரி மணல்ல நடந்து பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கு சேலை கட்டுதேன்?"

"உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க. காலைச் சுத்தும், இழுக்கும், நாலு எட்டுக்கு நாப்பது எட்டு மூச்சு வாங்கும். அடியில பாசி பிடிச்ச கப்பலும் அப்படித்தான். இன்ஜின் என்னதான் நல்லா இருந்தாலும் எண்ணெயைக் குடிச்சுகிட்டே இருக்கும். கப்பலுக்கு இன்ஜின் பாதி, அடிவயிறு பாதி."

இன்ஜின் பாதி, அடிவயிறு பாதி. எவ்வளவு பெரிய பேச்சு. எரிகிற எண்ணெயில் மிச்சம், எழுகிற புகையில் மிச்சம், எஞ்சுகிற காற்றில் நம் பிள்ளைகளின் மூச்சுக்கும் மிச்சம். படிக்க வந்த பிள்ளைகளே, உங்கள் படிப்பில் இதற்குப் பெரிய பெரிய பெயர் இருக்கும். எனக்கு ஈரச் சேலை போதும்.

மைக் கேட்கவில்லை என்று பின்னால் ஒருவர் கை காட்டுகிறார். தம்பி, மைக்கைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். நான் குள்ளம், என் கதை நீளம்.

இனி ஆளுக்கு வருகிறேன். எங்கள் வள்ளத்தில் முங்குகிறவர் இனிகோ. அவருக்குக் கயிறு பிடிக்கிறவர் ராஜதுரை. இனிகோவின் மனைவி இசபெல்லாவுக்கு ராஜதுரை கூடப்பிறந்த தம்பி. முறைப்படி மச்சான், முறைப்படி கயிறு. ஆனால் ஒரு சங்கதி. ராஜதுரையும் இனிகோவும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. வருசக் கணக்காகப் பேசுவதில்லை.

காரணம் பெரிதா? பிறருக்குச் சின்னது, அவர்களுக்குப் பெரிது. இனிகோவின் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கும் நாள். கோயிலுக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கவுன் தாய்மாமன் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். ராஜதுரை பார்த்துப் பார்த்து ஒரு கவுன் எடுத்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே பிள்ளை வேறொரு கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்துத் தயாராக நிற்கிறது. நேரமாகிவிட்டதே என்று இனிகோவே எடுத்துப் போட்டுவிட்டார். ராஜதுரை கையில் இருந்த கவுனை வாசல் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றைக்கு அடைத்த வாய்.

ஆனாலும் மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் அதே வள்ளத்தில் வந்து ஏறினார்கள் பாருங்கள். ஏனென்றால் சண்டை வீட்டில். கயிறு கடலில்.

காலையில் இசபெல்லாதான் கரைக்குச் சோறு கொண்டுவருவார். ஒரே தூக்குச்சட்டி, மேல் அடுக்கு தம்பிக்கு, கீழ் அடுக்கு கணவனுக்கு. கொடுக்கும்போது தினமும் ஒரே வார்த்தைதான் சொல்லுவார். "ரெண்டு பேரும் பேச வேண்டாம். ரெண்டு பேரும் வந்து சேருங்க. போதும்."

சரி, பேசாமல் ஒரு வள்ளத்தில் எப்படி வேலை நடக்கும்? அதற்கு நம் ஊரில் வழியா இல்லை? மாமியாரும் மருமகளும் பேசாமல் இருக்கும் வீட்டில் பூனையிடம் பேசுவதில்லையா? எங்கள் வள்ளத்தில் டீசல் கேன். ராஜதுரை டீசல் கேனைப் பார்த்து, "ஏ கேனு, இன்னைக்கு நீரோட்டம் தெக்க இழுக்கு, அந்த ஆளைப் பாத்துப் போகச் சொல்லு" என்பார். இனிகோ முங்கும்போது மாட்டும் முகக் கண்ணாடியில் எச்சில் தடவிக்கொண்டே, "ஏ கேனு, எனக்குக் காது கேக்கும்னு சொல்லு" என்பார். நடுவில் நான் இருக்கிறேன். அந்தக் கேன் சொல்லாததை எல்லாம் நான் சொல்லுவேன். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். அந்த ஒருநாள் வரைக்கும்.

இங்கே சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கப்பலின் இன்ஜினைச் சாவி போட்டு முறுக்கிக் கிளப்ப முடியாது. அழுத்திப் பிடித்து வைத்த காற்றை உள்ளே திறந்துவிட்டுத்தான் அதை எழுப்புவார்கள். அந்தக் காற்றின் வால்வை மூடிப் பூட்டிவிட்டால் எவனாலும் எழுப்ப முடியாது. எங்கள் ஆள் அடியில் இறங்கும் முன்னே சண்முகப்ரியா அந்த வால்வைப் பூட்டி, சாவியை எங்கள் வள்ளத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். ஆள் மேலே வந்தபிறகு நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை கப்பல் கப்பலல்ல, இரும்புமலை. ராஜதுரை அந்தச் சாவியை வாங்கிக் கழுத்தில் கிடக்கிற, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்து மாட்டிக்கொள்வார்.

அன்றைக்கும் அப்படித்தான். சாவியைக் கொடுக்கும்போது சண்முகப்ரியா ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தாள். போன பயணத்தில் ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு அதிர்ந்தது, எண்ணெய்ச் செலவும் கூடியிருக்கிறது, அடியில் புரப்பெல்லரைச் சுற்றி அறுந்த வலை ஏதோ சிக்கியிருக்க வேண்டும், தனியாக அதில் கை வைக்க வேண்டாம், முன்பக்கத்தில் வேலை செய்யும் இன்னொரு வள்ளத்து ஆளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள் என்றாள். ராஜதுரை கேட்டுக்கொண்டார். ஏணியை விட்டு வள்ளத்துக்கு இறங்கினார். டீசல் கேனைப் பார்த்துச் சொன்னார்.

சொன்ன நேரம் எந்த நேரம்? நான் கம்ப்ரசரைக் கிளப்பிய நேரம். அந்தப் பழைய கம்ப்ரசர் கிளம்பும்போது பத்து லாரி ஒரே பாலத்தில் ஏறுகிற சத்தம். எனக்குக் கேட்கவில்லை. முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்த இனிகோவுக்கும் கேட்கவில்லை. கேட்டது டீசல் கேனுக்கு மட்டும். அது என்ன செய்யும்? இனிகோ முதுகைக் காட்டிச் சாய்ந்தார். தண்ணீர் மூடிக்கொண்டது.

மகாஜனங்களே, எத்தனை இயந்திரம் இருந்தென்ன? எத்தனை கருவி இருந்தென்ன? ஆறேழு அடி தூரத்தில் இருக்கும் ஒரு மனுசன் இன்னொரு மனுசன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், அத்தனையும் எதற்கு ஆகும்?

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதைத் தலைவர் மறந்துவிட்டார். நல்ல வார்த்தைதான் எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு தொடர்கிறேன்.

இனிகோ கப்பலின் பின்பக்கம் அடியில் இருக்கிறார். கயிறு ராஜதுரை கையில். கயிறு பேசும், தெரியுமா உங்களுக்கு? மேலிருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால், நலமா என்று அர்த்தம். கீழிருந்து ஒரு வெட்டு வந்தால், நலம். வாயால் ஒரு வார்த்தை பேசாத இந்த இரண்டு பேரும் இத்தனை காலம் கயிற்றால் ஓயாமல் பேசியவர்கள். ஒரு மச்சானும் மச்சானும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைவிட அதிகம் பேசியவர்கள்.

அந்த நேரத்தில் கப்பல் ஏஜென்டின் படகு எங்கள் பக்கம் சீறிக்கொண்டு வருகிறது. துறைமுகத்துக்குள்ளே ஓர் இடம் காலியாகிவிட்டது, கப்பலைத் துறைக்குள் நடத்திப்போகச் சாயங்காலம் வருவதாக இருந்த பைலட் இப்போதே கிளம்பிவிட்டார், இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும், சீக்கிரம் ஆளை ஏற்றிச் சாவியைக் கொடுங்கள் என்றார். அவர் கெட்டவர் அல்ல. இடம் போனால் அவரைத்தான் எல்லாரும் கேட்பார்கள். கடல்மேல் காத்துக் கிடக்கிற கப்பல் காசைக் குடிக்கும் என்பது அவருக்குப் பாடம்.

ராஜதுரை கயிற்றை வெட்டினார். மேலே வா என்று வெட்டினார். பதில் இல்லை.

மறுபடி வெட்டினார். கயிறு விறைத்து நிற்கிறது. சுவரில் கட்டியதுபோல நிற்கிறது. ராஜதுரையின் முகம் முதலில் சிவந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "பாத்தீரா அண்ணாச்சி, என்கிட்டப் பேசாட்டிப் போறாரு, இப்பம் கயித்துகிட்டயும் கோவிச்சுகிட்டாரு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை. முகம் மாறிவிட்டது. சிவப்பு இறங்கி, சாம்பல் ஏறியது. ஏனென்று அவர் சொல்லாமலே எனக்கு விளங்கியது. இத்தனை வருசத்தில் இனிகோ மச்சானோடு கோபித்திருக்கிறார். மாமனார் வீட்டோடு கோபித்திருக்கிறார். கயிற்றோடு ஒருநாளும் கோபித்ததில்லை.

அப்போது ஏஜென்ட் கப்பலின் முன்பக்கத்தைக் கை காட்டினார்.

"அண்ணாச்சி, உங்க ஆளு அங்கன மேல வந்தாச்சு. நான் கண்ணால பாத்தேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. மேலயும் சொல்லியாச்சு. சாவியைத் தாங்க."

"அது முன்னால உள்ள வள்ளத்து ஆளு."

"ரெண்டும் ஒண்ணு மாதிரித்தானே இருக்கு?"

"கறுப்புச் சட்டை போட்டவன்லாம் எங்க அத்தானா?"

ஏஜென்டுக்குப் பொறுமை போய்விட்டது. "பேச்சு வார்த்தையே கெடையாதுன்னு தொறைமுகமே சொல்லுது. இப்பம் மட்டும் என்ன பாசம்?"

ராஜதுரை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேச்சு வேற. கயிறு வேற."

சபையோரே, இந்த இடத்தில் கப்பலுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முக்குளித்தவர் மேலே வந்துவிட்டார், இன்ஜினைக் கிளப்பு என்று மேல்தளத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பூட்டை அறுக்க, இரும்பறுக்கும் வாள் ஒன்றும் வந்துவிட்டது. சண்முகப்ரியா அந்த வால்வின் முன்னால் போய் நின்றாள். "சாவி வரலை. சாவி வந்தாத்தான் ஆளு வந்ததா அர்த்தம்" என்றாள். வாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டே மேல்தளத்துக்கு ஏறி வந்தாள். கைப்பிடிக் கம்பியின்மேல் குனிந்து எங்கள் வள்ளத்தைப் பார்த்தாள். ஒரே கேள்வி கேட்டாள்.

"அண்ணே, உங்க அத்தான் எங்க?"

ராஜதுரை விறைத்து நின்ற கயிற்றைத் தூக்கிக் காட்டினார். அவள் பார்த்தாள். திரும்பி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவள் போன வேகத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. இனி அந்த வால்வுக்கு அவளே பூட்டு.

ராஜதுரை எழுந்தார். சட்டையைக் கழற்றினார். முகக் கண்ணாடியை மாட்டினார். அவருக்குக் காற்றுக் குழாய் கிடையாது, எங்களிடம் இருந்தது ஒன்று, அது இனிகோ வாயில். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு அதன் நுனியை என் கையில் கொடுத்தார். ஏஜென்ட் பதறிவிட்டார். "சாவியை வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று கை நீட்டினார். ராஜதுரை கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். உத்தரியமும் சாவியும் ஒன்றோடொன்று சுற்றிக் கிடந்தன.

"இது எங்க அத்தான்கூட மேல வரும்" என்றார்.

சாவியோடு முங்கிவிட்டார்.

பாருங்கள் மகாஜனங்களே. பாருங்கள். கப்பல் மேலே நிற்கிறது. பைலட் வழியில் வருகிறார். துறை காத்திருக்கிறது. அத்தனையையும் அசைக்கும் சாவியோ கடலுக்கு அடியில் ஒரு மச்சானின் கழுத்தில் கிடக்கிறது. இனி எந்தத் தொரை வந்தாலும் அந்த இன்ஜினை எழுப்ப முடியுமா? முடியாது. எந்தக் கம்பெனி தந்தி அடித்தாலும் முடியுமா? முடியாது. இரண்டு பேரும் வந்தால் கப்பல் உண்டு. வராவிட்டால் இல்லை.

நான் என்ன செய்தேன்? ஒரு கை கம்ப்ரசர் மேலே. இன்னொரு கையில் இரண்டு கயிறு. இனிகோ எனக்கு மாமன் அல்ல. ராஜதுரை எனக்கு மச்சான் அல்ல. சாதி வேறு, சாமி வேறு, ஊர் வேறு. பனையேறி மகன் நான். என் தகப்பனாருக்குப் பிடிக்க ஆளில்லாத கயிறு அத்தனையும் அன்றைக்கு என் கைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

மூச்சடக்கிப் போனவர் எத்தனை நேரம் தாங்குவார்? அவர் ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கி மறுபடி முங்கினார். இன்னொரு முறை வந்து, "வலை, கம்பி வலை" என்று மட்டும் சொல்லி, என் அரிவாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு முங்கினார். நான் தேங்காய் வெட்ட வைத்திருந்த அரிவாள். ஏஜென்ட் அப்போது தன் படகின் இன்ஜினைத் தானாகவே அணைத்துவிட்டார். அந்த ஒரு செயலுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

பிறகு என் கையில் ஒரு வெட்டு. இனிகோவின் கயிற்றில். அது எனக்கு வந்த பதில் அல்ல, என்றாலும் நான் திருப்பி வெட்டினேன்.

இரண்டு தலை ஒன்றாக மேலே வந்தன. இனிகோவின் இடது கை விரல்களைக் கம்பி நசுக்கியிருந்தது. காதிலிருந்து இரத்தம். பாழாய்ப்போன வலையை அறுக்கத் தனியாகப் போனவரை அந்த வலையே பிடித்துக்கொண்டது. கயிறும் குழாயும் ஷாஃப்டோடு சேர்ந்து இறுகிக்கொண்டன. காற்று மட்டும் மெல்லிசாக வந்துகொண்டிருந்திருக்கிறது. புரப்பெல்லரின் இலைக்கு நேர் கீழே, அசைய முடியாமல், ஒவ்வொரு வெட்டும் தன் வரைக்கும் வந்துசேராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

வள்ளத்தில் தூக்கிப் போட்டோம். கடல்தண்ணீரைக் கக்கினார். கண்ணைத் திறந்தார். எதிரே ராஜதுரை. நான் நினைத்தேன், இப்போது அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள் என்று. இனிகோ தலையைத் திருப்பி, மூலையில் கிடந்த டீசல் கேனைப் பார்த்தார்.

"ஏ கேனு," என்றார்.  "என் மச்சான்கிட்டக் கேளு, சாவி எங்கன கெடக்குன்னு."

ராஜதுரை கழுத்தில் கிடந்த சாவியைக் கழற்றி, அவர் நெஞ்சின்மேல் வைத்தார். கையை எடுக்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் தம்பி. போதும், போதும்.

அன்றைக்கு அந்தக் கப்பல் துறைக்குள் போகவில்லை. பைலட் திரும்பிப் போனார். இன்னொரு கப்பல் உள்ளே போய்விட்டது. கம்பெனிக்கு நட்டம். அந்த வலையை அறுத்து மேல்தளத்தில் கொட்டினார்கள், ஒரு மாட்டுவண்டி வைக்கோல் அளவு. கேப்டன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இன்ஜினைக் கிளப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சண்முகப்ரியாவிடம் கேட்டார். அவள் அலங்காரமில்லாமல் சொன்னாள். ஆளும் போயிருப்பார், ஷாஃப்டில் எண்ணெய் கசியாமல் காக்கும் சீலும் போயிருக்கும், எண்ணெய் கடலில் கொட்டியிருக்கும், கப்பல் இந்த நங்கூரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்திருக்கும் என்றாள். கேப்டன் எங்கள் வள்ளத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது. கை தெரியும்.

இப்போது கேட்கிறேன். எது சிக்கனம்? சீக்கிரம் போவதா சிக்கனம்? எண்ணெயை எண்ணி எண்ணி ஊற்றுவதா சிக்கனம்? ஒரு மனுசன் மேலே வரும்வரை ஒரு மலையை நிறுத்தி வைக்கத் தெரிவதல்லவா சிக்கனம்? படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், எந்த வேகத்தில் போனால் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு புகை என்று. நன்றாகப் படியுங்கள். அந்தப் படிப்புத்தான் ஒரு சாத்தான்குளத்துப் பிள்ளையை அந்த வால்வின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் படிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பூட்டைப் போடுவது படிப்பு. சாவியை யார் கையில் கொடுப்பது என்பது முறை. படிப்பில்லாத முறை அன்றைக்குக் கேனிடம் பேசியது. முறையில்லாத படிப்பு பூட்டை அறுக்க வாளோடு வந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஒரு மனுசன் மேலே வந்தான்.

இனிகோ இனி முங்க முடியாது. காது போய்விட்டது, விரலும் மடங்காது. டாக்டர் தடுத்துவிட்டார். கடலுக்குள் பிறந்ததுபோல் இருந்தவர் கடலைக் கரையிலிருந்து பார்க்கிறார். அது சின்ன விலையல்ல. அதை நான் மறைத்துப் பேச மாட்டேன். இசபெல்லா அம்மா முன்வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தெரியும்.

தலைவரே, உங்கள் ஆணிக்கு வந்துவிட்டேன்.

இந்தப் புது வள்ளத்தில் முங்கப் போகிறவர்களில் ஒருவர் ஒடிசாக் கரையிலிருந்து வந்தவர். பெயர் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. நல்ல முக்குளிப்பவர். அவருக்கு இங்கே அக்காளும் இல்லை, மச்சானும் இல்லை. போன வாரம் வெள்ளோட்டத்துக்கு இந்த வள்ளத்தைக் கொண்டுபோனோம். சண்முகப்ரியா இப்போது கரை வேலையில் இருக்கிறாள், கப்பல் இன்ஜின்களைச் சோதிக்கும் வேலை. வால்வைப் பூட்டிவிட்டு, சாவியோடு ஏணியில் இறங்கி வந்து வழக்கப்படி கேட்டாள்.

"இவருக்குக் கயிறு பிடிக்கது யாரு?"

 ராஜதுரை என்னைப் பார்த்தார். நான் கம்ப்ரசரைப் பார்த்தேன். அந்த ஒடிசாக்காரருக்குப் பேச்சு விளங்கவில்லை, ஆனால் தனக்கு ஆளில்லை என்பது விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த இனிகோ எழுந்து வந்தார். நசுங்கிய விரல்களோடு அந்தக் கயிற்றை எடுத்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

சண்முகப்ரியா சட்டம் பேசுகிறவள். கேட்டாள். "இவருக்கு நீங்க என்ன முறை?"

"கயித்தைப் பிடிச்சிருக்கேம்லா," என்றார் இனிகோ. "அதுதான் முறை."

அவள் சாவியை நீட்டினாள். அவர் கழுத்தைத் தாழ்த்தினார்.

ஆசாரி அப்போது வள்ளத்தில்தான் இருந்தான். சாவிக்கு எங்கே ஆணி அடிக்கட்டும் என்று கேட்டவன் அவன். ஆணி வேண்டாம், கழுத்து இருக்கிறது என்று சொன்னவர் இனிகோ. தலைவரே, ஆணியில் தொங்கும் சாவியை எவனும் எடுப்பான். கழுத்தில் கிடக்கும் சாவியை எடுக்க, அந்தக் கழுத்துக்காரனின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

வந்து நின்று கேட்ட மக்களே, உங்கள் கால் வலி எனக்குத் தெரியும். இடையில் சீட்டு அனுப்பியும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், நிழல் தந்த பந்தலுக்கும், என் சொல்லைச் சுமந்த இந்த மைக்குக்கும், ஒரே தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்குச் சோறு கட்டி அனுப்பிய அந்தத் தாய்க்கும் என் நன்றி. வள்ளத்தைத் தள்ள எல்லாரும் ஒரு கை கொடுங்கள். ராஜதுரையும் இனிகோவும் அங்கே ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, யார் முதலில் தோள் கொடுப்பது என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேருக்கு நேராக.

போன கப்பலெல்லாம் துறை சேரட்டும். முங்கினவர் எல்லாரும் மேலே வரட்டும். வணக்கம்.